கூத்து மேடைத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நம் திரௌபதி அம்மன் கோயில் கூத்து மேடை வேலை முடிந்தது. வரவு செலவு கோயில் பலகையில் ஒட்டியிருக்கிறது. இங்கே மேடையில் பேய், செய்வினை 'இருப்பதாக'ச் சொல்லப்பட்டவை பற்றி மட்டும். தருமபுரிப் பக்கம் எங்கிருந்து ஜமா (கூத்துக் குழு) வந்தாலும், ஒப்பனை அறைக்குள் நுழையாமல் வேப்பமரத்தடியில் வேஷம் கட்டியது அந்தப் பேச்சால்தான்.

ஒப்பனை அறை வடக்குச் சுவரில் தலைவிரி கோலமாகத் தெரிந்த பெண் உருவம் உப்புப் பூத்த கறை. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய சுவர்மேல் முந்தைய ரிப்பேரில் சிமெண்ட் பூசிவிட்டார்கள். அடியிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றி 4 அடி உயரத்தில் தேங்கியது. ஐப்பசி மழையில் உருவம் தெளிவாவதும் தையில் மங்குவதும் அதனால்தான். 5 அடிவரை சிமெண்டைக் கொத்தி எடுத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 3 பங்கு மணல் சேர்த்து, கடுக்காய் ஊறல் நீர் விட்டு அரைத்துப் பூசியிருக்கிறோம். மேலே வெள்ளையடிப்பு மட்டும் போதும். பெயிண்ட் அடித்தால் அந்த அம்மா திரும்ப வந்துவிடுவார்.

கூரைமேல் நடக்கும் சத்தம் தகரத்துடையது. 20 அடித் தகடு 30 டிகிரி சூடு ஏறி இறங்கினால் 2 மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். ஆணி இறுக்கிப் பிடித்ததால், விளக்கு வைக்கும் நேரத்தில் டக், டக்கென்று ஒவ்வொன்றாக விடுபட்டது. ஆணிகளைப் பிடுங்கி, துளையை அகலமாக்கி, ரப்பர் வாஷரோடு ஜே போல்ட் முடுக்கினோம். சத்தம் குறைந்திருக்கிறது, அடியோடு நிற்காது.

சாளரத்தில் தெரிந்த வெள்ளை முகம் கூகை என்ற ஆந்தை. கீழே கிடந்த கருப்பு உருண்டைகளைச் செய்வினை என்று யாரும் தொடவில்லை. ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்ததில் எலி மயிரும் நான்கு சிறு மண்டையோடுகளும் வந்தன. செரிக்காததைக் கூகை இப்படித்தான் உருட்டிக் கக்கும். குஞ்சுகள் இருந்ததால், அவை பறக்கும்வரை இரண்டு மாதம் அந்தப் பக்கம் சாரம் கட்டவில்லை. வேலை தாமதமானதற்குக் காரணம் இதுவே. பிறகு பின்சுவரில் மரப்பெட்டி வைத்திருக்கிறோம். விரட்ட வேண்டாம். எலி பெருகினால் திரைச்சீலை மிஞ்சாது. ஆணியில் தொங்கிய சலங்கைகளை ராத்திரியில் ஆட்டியதும் எலிதான். அவை இப்போது மூடிய தகரப் பெட்டியில்.

பாரதம் 18 நாளும் ஒப்பனை அறையைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். கிணற்றடிப் புளியமரம் இந்தத் திருப்பணியில் சேராது. அதைப் பற்றிக் குழுவிடம் கேட்க வேண்டாம்.

திருப்பணிக் குழு