பல் துலக்கியதற்கு ஒரு பேண்ட் வாத்தியம்

ரோஸ் ஹில், மொரீஷியஸ்,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

நீ வரைந்து அனுப்பிய காமிக்ஸ் கட்டு வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. பதினான்கு பக்கங்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் படித்தோம். அம்மா இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு ஒரு நாள் பிடித்தது.

சென்ற ஆண்டு தொலைபேசியில் நான் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "உன் மனக்கஷ்டத்தை ஊரே பார்க்கும்படி எதற்குப் படம் போடுகிறாய்? நாளைக்கு உன்னைப் பெண் கேட்டு யார் வருவார்கள்?" என்றேன். நீ ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டாய். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது, அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அந்தக் குளியலறைப் பக்கத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. நான்கு நாட்களாகப் படுக்கையை விட்டு எழாதவள் ஐந்தாம் நாள் எழுந்துபோய்ப் பல் துலக்குகிறாள். நடப்பது அவ்வளவுதான். ஆனால் அடுத்த கட்டத்தில், மார்ச் 12 சுதந்திர தினத்துக்கு வாசிக்கிற நம் போலீஸ் பேண்ட் முழுவதும் அந்தச் சின்னஞ்சிறு குளியலறைக்குள் புகுந்து நிற்கிறது! இடம் போதாமல் ஒருவர் குளியல் தொட்டிக்குள் நின்று முரசு அடிக்கிறார். ஒரு நீண்ட ஊதுகுழலின் வாய் ஜன்னலைத் தாண்டி வெளியே போய்விட்டது. அவளோ வாய் நிறைய நுரையோடு விறைப்பாக நின்று சல்யூட் அடிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை இரவு அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் அத்தை நினைவுக்கு வந்தாள்.

அத்தையை நீ வயதான பிறகுதான் பார்த்திருக்கிறாய். அவளுடைய இருபத்தாறாம் வயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் பின்கட்டுத் திண்ணையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். குளிக்கவில்லை, தலை வாரவில்லை. யாராவது கேட்டால், "மனசு சரியில்லை" என்பாள். பாட்டி கோயில் கோயிலாகப் போனாள். கோர் தெ கார்த் மலை முருகனுக்குக் காவடி நேர்ந்துகொண்டாள். டாக்டரிடம் மட்டும் யாரும் கூட்டிப்போகவில்லை. ஏனென்று உனக்கே தெரியும். போ பாசேனில் இருக்கும் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொன்னாலே இந்த ஊரில் அது வசவு. அந்தப் பெயருக்கு உரியவரான பிரௌன் செக்கார் 1817-இல் போர்ட் லூயிஸில் பிறந்து, தண்டுவடத்தையும் நரம்புகளையும் ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றவர். அப்படிப்பட்டவர் பெயரைச் சண்டையில் வீசும் கல்லாக்கிவிட்டோம். அந்த வசவுக்குப் பயந்துதான் அவளை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அத்தை தானே தலை வாரிக்கொண்டிருந்தாள். பழுப்பு நிறச் சீப்பு, நடுவில் இரண்டு பல் உடைந்தது. சிக்கு எடுக்க எடுக்க வலித்திருக்கும். கண்ணில் நீர் நின்றது. ஆனாலும் விடாமல் வாரி, இரட்டைப் பின்னல் போட்டு முடித்தாள். பார்த்தவன் நான் ஒருவன்தான். பதினாலு வயதுப் பையன், என்ன சொல்வதென்று தெரியாமல் புத்தகப் பையை வைத்துவிட்டு விளையாடப் போய்விட்டேன். அன்றைக்கு அந்தத் திண்ணைக்குத்தான் பேண்ட் வாத்தியம் வந்திருக்க வேண்டும்.

முப்பத்தைந்து ஆண்டு தமிழ் வாத்தியாராக இருந்தவன், தொல்காப்பியத்தை இழுக்காமல் கடிதத்தை முடிக்க மாட்டேன். உள்ளத்து உணர்ச்சி வெளியே தெரியும் மெய்ப்பாடு எட்டில் முதலில் வருவது நகை, அதாவது சிரிப்பு; அதற்கு அடுத்தே அழுகை. நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. நீ எள்ளலைத் தொடவில்லை. நோயில் கிடப்பவளைக் கேலி செய்ய ஒரு கோடுகூட நீ இழுக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கிறாய். அந்த வித்தியாசம் புரிய எனக்குத்தான் ஓராண்டு ஆகியிருக்கிறது.

ஒரே ஒரு பக்கத்தில் எனக்குக் குறை உண்டு. கல்யாணப் பந்தியில் ஏழு கறி பரிமாறும் பக்கம். வாழையிலையில் ஒவ்வொரு கறி விழும்போதும் "உனக்கு எப்போது?" என்ற கேள்வியும் சேர்ந்து விழுகிறது, பூசணிக்காய்க்கு ஒன்று, பலாக்காய்க்கு ஒன்று. ரசம் வருவதற்குள் அவள் கேள்விகளுக்கு அடியில் புதைந்துபோகிறாள். நல்ல கற்பனை. ஆனால் கரண்டி பிடித்த பாட்டியின் முகத்தை அத்தனை கடுமையாகப் போட்டிருக்க வேண்டாம். அந்தத் தலைமுறைப் பெண்களுக்கு ஒரு பெண்ணிடம் அன்பாகக் கேட்க வேறு கேள்வியை யாரும் கற்றுத்தரவில்லை. கண்களையாவது கொஞ்சம் மாற்று. துவைத்த துணி கட்டிலின் மறுபாதியில் ஆள் மாதிரி படுத்துத் தூங்கும் பக்கத்தில் எதையும் மாற்றாதே. அதில் வரும் பெண் தனியாக இருக்கிறாள், நிம்மதியாகவும் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை இனி நான் எடுக்க மாட்டேன். நீயாக எடுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

பிரான்சில், அங்குலேமில் நீ இருப்பது எனக்கு இப்போது பெருமையாக இருக்கிறது. 1974-இல் காமிக்ஸ் விழா தொடங்கிய ஊர். தெருப் பெயர்ப் பலகையைக்கூடப் பாத்திரங்கள் பேசும் பலூன் வடிவில் மாட்டியிருக்கும் ஊர். அங்கே தலைகுனிந்து வரையாதே.

ஆனால் வரைவது மருந்துக்கு ஈடாகாது. அங்கே உளவியலாளரிடம் ஆண்டுக்கு 12 முறை போகலாம், செலவில் பெரும்பகுதியைக் காப்புறுதி ஏற்றுக்கொள்கிறது என்று சொன்னாயே, அதில் ஒன்றையும் வீணாக்காதே. வேலை இருக்கிறது, பக்கம் முடியவில்லை என்று தள்ளிப்போடாதே. கடைசிப் பக்கத்தின் மூலையில் 3114 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணைச் சிறிய கட்டத்தில் போட்டிருக்கிறாய். அதைப் பெரிதாக்கு. சிரித்துக்கொண்டே வந்தவரின் கண்ணுக்கு அது தப்பிவிடக் கூடாது. இரவில் உனக்கே தாங்க முடியாமல் போனால் அந்த எண்ணுக்குப் பேசு, எங்களுக்கும் பேசு. உனக்கு நள்ளிரவு என்றால் இங்கே இரண்டு, மூன்று மணி இருக்கும். ஆனாலும் அம்மா எழுந்துவிடுவாள்.

இன்னொன்று கேட்கிறேன். அத்தை தலை வாரியதை ஒரு பக்கம் வரைந்து தருவாயா? பெயர் போட வேண்டாம். திண்ணையில் மூன்று படி, பக்கத்தில் ஒரு லிச்சி மரம். வாத்தியக்காரர்கள் மரத்தின் மேலும் ஏறி நிற்கலாம். புத்தகப் பையோடு ஒரு பையன் வாசலில் நிற்கட்டும். அவனை விளையாட அனுப்பிவிடாதே. சீப்பில் இரண்டு பல் இல்லை. அத்தைக்கு வகிடு இடப்பக்கம்.

அன்புடன்,
அப்பா