குழந்தையின்மை முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கு ஒரு செல்போன் கடைக்காரனின் மடல்

டெல்டா மாவட்டங்களில் ஊர் ஊராக முகாம் நடத்தும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் செல்போன் விற்பனையும் சர்வீஸும் பார்க்கிறேன். கல்யாண மண்டபத்தில் முகாம் நடந்தால் மறுநாளே என் கடையில் கூட்டம். ‘செல்போன் ஆண்மையைப் பறிக்கும்’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த நோட்டீஸைக் காட்டி, “ரேடியேஷன் கம்மியான போன் எதுண்ணே?” என்று கேட்கிறார்கள். முகாம் வாசலில் ஒருவர் ரேடியேஷன் தடுப்பு ஸ்டிக்கரும் விற்றாராம்.

முதலில் அந்த ஸ்டிக்கர். சிக்னலை எது மறைத்தாலும் டவரைப் பிடிக்க போன் தன் பவரைக் கூட்டும். அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையமே இதைச் சொல்லி மக்களை எச்சரித்திருக்கிறது. உங்கள் முகாம் வாசலில் அதை விற்க விடாதீர்கள்.

நோட்டீஸில் இருப்பது முழுப்பொய் என்று நான் சொல்லவில்லை. விந்தணுவின் மேல்சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அதிகம், அதைச் சமாளிக்கும் நொதிகளோ குறைவு என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். போன் அலை இந்த ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டுமோ என்பதுதான் சந்தேகம். 2009இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் விந்து மாதிரிகளை, கால் போட்ட போனுக்கு 2.5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு மணி நேரம் வைத்தார்கள். அணுக்களின் ஓட்டம் குறைந்தது. ஆனால் அது கிண்ணத்தில் இருந்த விந்து. உடம்புக்குள் தோலும் தசையும் இடையில் இருக்கின்றன.

மனிதர்களிடம் நடந்த பெரிய ஆய்வு சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது, 2023இல் வெளிவந்தது. 18 முதல் 22 வயது வரையிலான 2,886 பேர். நாளைக்கு 20 தடவைக்கு மேல் போனை எடுப்பவர்களிடம் மில்லிலிட்டருக்கு 4 கோடியே 45 லட்சம் அணுக்கள், வாரத்துக்கு ஒரு தடவையோ அதற்கும் குறைவாகவோ எடுப்பவர்களிடம் 5 கோடியே 65 லட்சம். வித்தியாசம் இருக்கிறது, சரி. ஆனால் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கீழ் அளவு 1 கோடியே 60 லட்சம்தானே? ஓட்டத்திலும் வடிவத்திலும் அங்கே வித்தியாசம் தெரியவில்லை. பேன்ட் பாக்கெட்டில் வைப்பதற்கும் எண்ணிக்கைக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. 2ஜி போய் 3ஜி, 4ஜி வர வர அந்த வித்தியாசமும் மங்கியது. 2ஜி போன் உச்சத்தில் 2 வாட் வரை அனுப்பும், 4ஜி போனுக்கு 0.2 வாட் அளவு போதும். இதில் ஒரு வரியாவது நோட்டீஸில் வந்திருக்கலாம்.

*#07# அழுத்தினால் பெரும்பாலான போன்களில் சார் அளவு, அதாவது உடம்பு உறிஞ்சும் ரேடியேஷன் அளவு வரும். இந்தியாவில் கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது. கேட்கிறவர்களுக்கு அழுத்திக் காட்டுகிறேன். அது உச்ச அளவு மட்டும்தான், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் போன் அதில் சிறு பங்கைத்தான் அனுப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். டவர் வேண்டாம் என்று மறியல் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். டவர் தள்ளிப் போனால் மடியில் இருக்கும் போன்தான் அதிகம் உழைக்கும்.

மடி என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் பக்கம் போன் இருக்கும் இடம் பேன்ட் பாக்கெட் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி வயலில் இறங்கும் ஆள், பட்டாபட்டி டிரவுசர் பாக்கெட்டில் பாலிதீன் பையில் சுற்றிப் போட்டிருப்பார். தொடைக்கும் அரைக்கும் நடுவில். நடு வயலில் சிக்னல் ஒரு கோடு. இவர்களிடம் “சட்டைப் பாக்கெட்டுக்கு மாத்துங்க, பேசும்போது ஸ்பீக்கர்ல போடுங்க” என்று சொல்வதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. சந்தேகம் தீரும்வரை நானும் அதையே சொல்வேன்.

என் மனக்குறை வேறு. கல்யாணமாகி மூன்று வருடம் ஆன தம்பி ஒருவர் போன் மாற்ற வந்தார். அவர் மனைவி திருக்கருகாவூர் கோயில் நெய் சாப்பிட்டாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசியும் போட்டாயிற்று. “நீங்க டெஸ்ட் பண்ணீங்களா?” என்றேன். “எனக்கு என்னண்ணே, போன்தான் காரணம்னு முகாம்லயே சொல்லிட்டாங்களே” என்றார். வாய் நிறைய ஹான்ஸ் புகையிலை.

போன் மீது பழி போட்டால் ஆம்பளைக்குக் கௌரவம் தப்பிக்கிறது. புகையிலை, சாராயம், விரையில் ரத்தக்குழாய்ப் புடைப்பு, நாள் முழுக்க டிராக்டர் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்திருப்பது, முகமூடி கையுறை இல்லாமல் மருந்து அடிப்பது — இதெல்லாம் கேட்கப்படாமலே போகிறது. 1977இல் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லியைத் தயாரித்த தொழிலாளர்களில் பலருக்கு விந்தணுவே அற்றுப்போனதை நெல் விளையும் பூமியில் முகாம் போடுகிறவர்கள் மறக்கலாமா?

ஆகவே, அடுத்த நோட்டீஸில் முதல் வரி ‘கணவருக்கும் விந்துப் பரிசோதனை’ என்று இருக்கட்டும். முகாமில் மனைவிக்கு ஸ்கேன் எழுதும் முன் கணவருக்கு அதை எழுதுங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள் ஆகும், அதனால் புகையிலையை விட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள் என்று சொல்லுங்கள். போன் பற்றி இரண்டு வரி, கீழே சின்ன எழுத்தில் போதும். அந்த நோட்டீஸை என் கடைக் கண்ணாடியில் நானே ஒட்டுகிறேன், அச்சுக்கூலியில் பாதியும் தருகிறேன்.

இப்படிக்கு,
மன்னார்குடி செல்போன் கடைக்காரன்