13ஆம் வீட்டின் சமையலறை

காரைக்குடி
ஞாயிறு இரவு

அன்பு மீனாள்,

ஆறு மாதமாக எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. வரச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அம்மா நலம், முட்டி வலிதான் விடவில்லை. உன் குடை என்னிடம்தான் இருக்கிறது, தரமாட்டேன்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு குடும்பத்துப் பங்காளிகள் சேர்ந்து 16 வீடுகள் கட்டக் கேட்டார்கள் என்றேனே, அந்த வேலைதான். மூன்றே பேர் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. நான்கு நான்கு வீடாகப் பொது முற்றத்தைச் சுற்றி வைத்தேன். அடித்தளத்துக்குச் செம்புராங்கல். சுவருக்கு அந்த மண்ணையே அழுத்திச் செய்த கல். சூளை வேண்டாம், நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் போதும். தரைக்கு ஆத்தங்குடிக் கல். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

போன வாரம் கொட்டித் தீர்த்த மழையில் மனையைப் பார்க்கப் போனேன். மேற்கேயிருந்து செந்தண்ணீர் திரண்டு வந்து, என் வரைபடத்தில் 13ஆம் வீட்டின் சமையலறை இருக்கும் இடத்தின் வழியே ஓடி ஊருணியில் விழுந்தது. கோடையில் அது கருவேல முள் மண்டிய பள்ளம். நானும் பள்ளம் என்றே குறித்திருந்தேன். அது ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்றும், மேலத்தெரு வீடுகளின் தண்ணீரெல்லாம் அதில்தான் வரும் என்றும் கொத்தனார் சொன்னபோது எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது.

உன் ஆயா வீட்டு வளவில் மழைக்கு அண்டா வைத்துப் பிடிப்போமே, நினைவிருக்கிறதா? அண்டா நிரம்பி வழிந்தது முற்றத்துச் சாக்கடை வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும். வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே மூச்சில் யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. வருகிறவர்கள் தேக்குத் தூணையும் முட்டை வெள்ளைக்கருப் பூச்சையும் தடவித் தடவிப் பார்க்கிறார்கள். ஓட்டில் விழுந்த மழை எங்கே போகிறது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே! நானே இத்தனை வருடம் கேட்கவில்லை, மீனாள்.

இரண்டு வீடுகளை எடுத்துவிட்டு, வரத்துக்காலைத் திறந்தபடியே விட்டு, இரு கரையிலும் மருதும் புங்கமும் வைத்து மறுபடி வரைந்தேன். பங்காளிகளில் மூத்தவர் வரைபடத்தை மடித்துத் திருப்பித் தந்தார். குழாய் போட்டு மூடிவிட்டு 16 வீட்டையும் கட்டலாமே என்கிறார். சருகும் வண்டலும் அடைத்துக்கொண்டால் இரண்டே மழையில் தண்ணீர் மேலத்தெருத் திண்ணைகளில் ஏறும். ஊருணி வறண்டால் சுற்றிலும் உள்ள கிணறுகள் என்ன ஆகும்? மூடுவதாக இருந்தால் நான் கட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மாதக் கடைசிக்குள் முடிவு சொல்வார்களாம். வேலை போனால் என்னை நம்பி இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எத்தனை மாதம் சம்பளம் தர முடியும் என்று தினமும் கணக்குப் போடுகிறேன். தூக்கம் இல்லை.

என் பேச்சை அவர்கள் உணர்ச்சி என்று நினைக்கிறார்கள். நீ கண்மாய் கண்மாயாக 20 வருடம் மட்டம் பார்த்தவள். மட்டக்கருவியோடு வந்து, மேலத்தெருவிலிருந்து ஊருணி வரை அவர்கள் கண்ணெதிரில் அளந்து காட்டு. எத்தனை அடி இறக்கம் என்று எண்ணாகச் சொன்னால் அந்த மூத்தவர் கேட்பார். வியாபாரம் செய்த மனிதர்.

சனிக்கிழமை இரவே வந்துவிடு. அம்மா வெள்ளைப் பணியாரத்துக்கு ஊறப் போடுகிறாள். சேறாக இருக்கும், பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா.

உன்
வள்ளி