ஏசிக்கு வருடா வருடம் கேஸ் போடத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகரில் ஏசி, ஃபிரிட்ஜ் சர்வீஸ் வேலை பார்ப்பவன் நான். ஐடிஐயில் இந்தத் தொழிலைப் படித்துவிட்டு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. மாசி பிறந்து வெயில் ஏற ஆரம்பித்ததும் எனக்கு வரும் ஃபோன்களில் பெரும்பாலும் ஒரே சேதிதான்: "தம்பி, ஏசியில கூலிங் இல்ல, கேஸ் தீர்ந்துபோச்சு போல. வந்து போட்டுட்டுப் போப்பா." இந்தக் கேஸ் விஷயத்தைப் பற்றித்தான் உங்கள் பத்திரிகை வழியாக நம் கடலூர், புதுச்சேரி மக்களிடம் சொல்ல விரும்புகிறேன். கோடைக்கு முன்னால் அச்சில் வந்தால் பல வீடுகளில் வீண்செலவு மிச்சமாகும்.

சமையல் கேஸ் எரிந்து தீர்கிறது. ஏசி கேஸ் தீராது. அது மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் இருக்கும் இன்டோர் காயிலில் (வளைந்து வளைந்து போகும் குழாய்த் தொகுப்பு) குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரஸர் அதை அழுத்தி அவுட்டோர் காயிலுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகி, மறுபடி உள்ளே வருகிறது. பத்து வருடம் ஓடினாலும் கம்பெனியில் போட்ட அதே கேஸ்தான் ஓட வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று அர்த்தம். லீக்கைக் கண்டுபிடிக்காமல் மேலே மேலே டாப் அப் செய்தால் அந்தப் பணம் அடுத்த கோடைக்குள் காற்றோடு போய்விடும். இதையே 'வருஷ சர்வீஸ்' என்று நம்பி, ஒவ்வொரு சித்திரைக்கும் பணம் எடுத்து வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும். பென்ஷன் பணத்தில் வாழும் வயதானவர்கள் அதில் நிறைய.

நம் ஊரில் இது ஏன் அதிகம் என்றால், கடல். ஒரே வயதுள்ள இரண்டு ஏசியில் ஒன்று பண்ருட்டியிலும் இன்னொன்று தேவனாம்பட்டினத்திலும் இருந்தால், அவுட்டோரை, அதாவது வெளியே மாட்டும் பெட்டியைத் திறந்த உடனே எது எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். தாழங்குடா, சிங்காரத்தோப்பு, புதுச்சேரியில் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் எல்லாமே அப்படித்தான். அவுட்டோர் காயிலில் செப்புக் குழாய்களைக் கோத்து மிக மெல்லிய அலுமினிய ஃபின்கள், அதாவது தகடுகள் இருக்கும். கடல்காற்றில் வரும் உப்பு அதில் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். செம்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் நின்றால் அலுமினியம் அரிக்கத் தொடங்கும். முதலில் வெள்ளைப் பொடி பூக்கும். அப்புறம் ஃபின் விரல் பட்டாலே அப்பளம் போல நொறுங்கும். ஃபின் போய்விட்டால் சூடு வெளியே போக வழியில்லை. கேஸ் முழுசாக இருந்தும் கூலிங் வராது, கரண்ட் அதிகம் இழுக்கும், கம்ப்ரஸர் கொதிக்கும். இந்த நிலைமையிலும் "கேஸ் கம்மி" என்று சொல்லி ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அளவுக்கு மேல் ஏறிய கேஸ், ஏற்கெனவே திணறுகிற கம்ப்ரஸரை இன்னும் சீக்கிரம் கொல்லும்.

மழையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அவுட்டோரை சன்ஷேடுக்கு அடியில் மாட்டச் சொல்கிறோம். உண்மையில் கடலோரத்தில் மழை படும் அவுட்டோரை மழையே கழுவிவிடுகிறது. மழை படாத இடத்தில் உப்பு அப்படியே தங்கி அரிக்கிறது. ஃபிளெக்ஸ் பேனரைச் சுற்றிக் கட்டுவது அதைவிட மோசம், ஈரம் உள்ளேயே நிற்கும். செய்ய வேண்டியது சுலபம். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, மாதம் ஒருமுறை அவுட்டோர் காயில் மேல் நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவினால் போதும். எட்டாத உயரத்தில் இருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்கள் ஏற வேண்டாம். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் முதுநகர் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு கரிக்கும். அந்தத் தண்ணீரில் ஜெட் பம்ப் போட்டு அடித்தால், உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுகிறோம். அதே போல, பளபளப்பாக்க ஆசிட் ஊற்றிக் கழுவவும் விடாதீர்கள். ஃபின் மேல் இருக்கும் நீலக் கோட்டிங் காயிலுக்கு ஓரளவு பாதுகாப்பு. ஆசிட் அதை உரித்துவிடும்.

இன்னொரு குழப்பம் ஐஸ். இன்டோர் காயிலில் ஐஸ் கட்டினால் கேஸ் குறைவு என்று உடனே முடிவு செய்துவிடுகிறார்கள். கேஸ் குறைந்தாலும் ஐஸ் கட்டும், உண்மைதான். ஆனால் ஃபில்டர் தூசியால் அடைத்துக்கொண்டாலும், காற்றை ஊதும் ப்ளோயரில் அழுக்கு ஏறினாலும், காயில் மேல் போதிய காற்று போகாமல் அதே ஐஸ்தான் கட்டும். கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவி நிழலில் காயவைத்து மாட்டுங்கள். வீட்டில் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகும் ஐஸ் கட்டினால் ஆளைக் கூப்பிடுங்கள்.

வரும் ஆள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் கொஞ்சம் குழாய்க்குள் ஓடும். அதனால் லீக் ஆகிற இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய கறுப்புத் தூசியும் தெரியும். முதலில் பார்க்க வேண்டியது அவுட்டோர் வால்வில் குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட், அப்புறம் காயிலின் வளைவுகள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் நைட்ரஜன் ஏற்றி, ஒவ்வொரு ஜாயின்டிலும் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். சிறிய லீக் என்றால் நுரை உடனே கொப்பளிக்காது. ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும், கடுகளவு குமிழ் ஒன்று மெதுவாகக் கிளம்பும். அதைப் பிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. லீக்கைப் பற்றவைத்து அடைத்த பிறகு வேக்கம் பம்பை ஓடவிட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க இழுக்க வேண்டும். ஈரம் தங்கினால் ஆயிலோடு சேர்ந்து ஆசிட் ஆகும். கடைசியாக, அவுட்டோரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிலோ என்று அச்சடித்திருப்பார்கள். தராசில் சிலிண்டரை வைத்து அந்த எடைக்குத்தான் போட வேண்டும். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரஸர் வேகம் மாறிக்கொண்டே இருக்கும், அதனால் அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளை மட்டும் பார்த்துக் கேஸ் போட்டால் அளவு தப்பும்.

இதற்கெல்லாம் அரை நாள் பிடிக்கும். டாப் அப் அரை மணி நேரத்தில் முடியும். வெயில் காலத்தில் ஒரு நாளைக்குப் பல வீடு ஏறி இறங்க வேண்டிய பையன் எதைச் செய்வான்? அவனை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? லீக் பார்க்கக் கூலி கேட்டால் "அந்தத் தம்பி கேஸ் மட்டும் போட்டுட்டு இதைவிடக் கம்மியா வாங்கினானே" என்று வாடிக்கையாளரே பேரம் பேசுகிறார். ஒருமுறை கூடுதலாகக் கொடுத்து லீக்கை அடைத்துவிட்டால், வருடா வருடம் கொடுப்பது நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் தொழில்காரத் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. நைட்ரஜன் சிலிண்டர் கையில் இல்லை என்று வெல்டிங் ஆக்சிஜனைக் குழாய்க்குள் ஏற்றி லீக் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் கம்ப்ரஸர் ஆயிலும் சேர்ந்தால் கம்ப்ரஸர் வெடிக்கும். பக்கத்தில் நிற்பது நீங்கள்தான். இப்போது வரும் பெரும்பாலான ஏசியில் இருக்கும் ஆர்32 கேஸ், பழைய ஆர்22 மாதிரி இல்லை. மெதுவாக என்றாலும் தீப்பிடிக்கக்கூடியது, எரிந்தால் விஷப்புகை வரும். உள்ளே கேஸ் இருக்கும்போது பற்றவைக்கும் டார்ச்சைப் பிடிக்கக் கூடாது. பழைய ஆர்22 ஏசியில் வேறு கேஸை ஏற்றி ஒப்பேற்றுவதும் ஆபத்து.

லீக் ஆகும் கேஸ் வீட்டுக்காரர் பணத்தோடு நிற்பதில்லை. ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்பதால், 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி ஆர்22-ஐ நம் நாடு 2030-க்குள் ஒழித்தாக வேண்டும். ஆர்32 ஓசோனைத் தொடாது. ஆனாலும் ஒரு கிலோ வெளியே போனால், பூமியைச் சூடாக்குவதில் அது 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இன்னொரு ஏசி கேஸான ஆர்410ஏ என்றால் 2,000 கிலோவையும் தாண்டும். புயலையும் வெள்ளத்தையும் மாறி மாறிப் பார்க்கிற கடலூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

புயல் என்றதும் அவுட்டோர் ஸ்டாண்ட் நினைவுக்கு வருகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து ஓய்ந்த பிறகு, செப்புக் குழாயை மட்டும் பிடித்துக்கொண்டு சுவரில் தொங்கிய அவுட்டோர்களை நான் பார்த்தேன். பெயின்டுக்கு அடியில் இரும்பு எப்போதோ துருப்பிடித்துப் போயிருந்தது. சர்வீஸுக்கு வருபவரிடம் போல்ட்டையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், மாற்றினால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் கேளுங்கள். கீழே தெருவில் ஆட்கள் நடக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று மக்களிடம்: கேஸ் போட்டால் எந்தக் கேஸ், எத்தனை கிராம், லீக் எந்த இடத்தில் இருந்தது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். லீக் இடம் எழுதாத பில்லுக்குப் பணம் தர வேண்டாம். எழுதித்தர வேண்டும் என்று தெரிந்தாலே வேலை ஒழுங்காக நடக்கும். இன்னொன்று அரசிடம்: மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஓசோன் பிரிவு ஏசி மெக்கானிக்குகளுக்கு முறையான சர்வீஸ் பயிற்சி நடத்துகிறது. அதைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் தமிழில், கோடை சீசன் தொடங்குவதற்கு முன் நடத்த மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். கடலோர உப்பு அரிப்பைப் பற்றி அதில் தனியாக ஒரு வகுப்பு வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கு வேலை குறைவு, அப்போது வைத்தால் தினக்கூலி போகுமே என்று யாரும் தயங்க மாட்டார்கள். இடம் கொடுத்தால் வேக்கம் பம்ப், நைட்ரஜன் ரெகுலேட்டர், தராசு எல்லாம் என் செலவில் கொண்டுவந்து செய்து காட்ட நான் தயார்.

இப்படிக்கு,
ஏசி மெக்கானிக்,
கடலூர் முதுநகர்