டிரான்சில்வேனியாவில் எங்களுக்குக் கதவு திறந்தவர்களுக்கு

வணக்கம்.

ருமேனியாவின் நடுவே டிரான்சில்வேனியாவில், சிகிஷோராவுக்கும் பிரஷோவுக்கும் இடைப்பட்ட கிராமங்களை நண்பர்கள் நால்வர் காரிலும் காலாலும் சுற்றிவிட்டு வந்திருக்கிறோம். வழியில் உதவியவர்களுக்கு அந்தந்த இடத்தில் சொன்ன நன்றி போதவில்லை. பலருடைய பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் ஒரு மடல்.

முதல் நன்றி, தேவாலயச் சாவியை வைத்திருக்கும் பாட்டிக்கு.

அந்தப் பக்கத்தில் தேவாலயமே கோட்டை. 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர்கள் அழைத்துக் குடியமர்த்திய, ஜெர்மன் பேசும் சாக்சன் மக்கள், பின்னாளில் துருக்கியர் படைகளுக்கு அஞ்சி, தேவாலயத்தைச் சுற்றி மதில் எழுப்பிக்கொண்டார்கள். பிரெஷ்மெர் ஊரில் மதிலின் உட்புறமாக மட்டும் 270-க்கும் மேற்பட்ட அறைகள். முற்றுகை வந்தால் ஊரே உள்ளே குடிவந்துவிடும். இப்படிப்பட்ட ஏழு கிராமங்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கின்றன. பெயர் பெற்ற இடங்களில் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடலாம். மற்ற ஊர்களில் கதவு பூட்டியிருக்கும். சாவி எந்த வீட்டில் என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தால் நம் அதிர்ஷ்டம். கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் ஆட்சி கவிழ்ந்ததும், 1990-ல் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஜெர்மானியர் ருமேனியாவைவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். எஞ்சிய ஓரிருவர் கையில்தான் பல ஊர்களின் சாவி.

பாட்டி, நாங்கள் வந்து தட்டியது நீங்கள் சாப்பிட உட்கார்ந்த நேரம். தட்டை மூடி வைத்துவிட்டுத் தோட்டத்துச் செருப்போடு கிளம்பி வந்தீர்கள். எந்தப் பலகையில் எந்தக் குடும்பம் உட்காரும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனீர்கள். எல்லாரும் இப்போது ஜெர்மனியில். பணம் நீட்டினால் கையைத் தட்டிவிட்டு உண்டியலைக் காட்டினீர்கள். பியர்டான் தேவாலயத்தில், சாவியைத் திருப்பினால் கதவைச் சுற்றிப் பல தாழ்கள் ஒருசேர நகரும் பூட்டு ஒன்றைப் பார்த்தோம். 1900-ல் பாரிஸ் கண்காட்சிவரை போய் வந்ததாம். இருக்கட்டும். எங்கள் ஓட்டு உங்கள் துருப்பிடித்த சாவிக்கே.

அடுத்து, விஸ்க்ரி கிராமத்தில் நாங்கள் தங்கிய வீட்டு அக்கா. எங்களில் ஒருவர் சுத்த சைவம். பன்றிக்கொழுப்பைப் பழைய காலத்தில் கோட்டைக் கோபுரத்திலேயே தொங்கவிட்டுச் சேமித்த ஊரில் அவர் என்ன சாப்பிடுவார் என்று கவலையாக இருந்தது. நீங்கள்தான் வழி சொன்னீர்கள்: ஓர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் நோன்புச் சாப்பாட்டில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது, எங்கு போனாலும் ‘தெ போஸ்ட்’ என்று கேளுங்கள் என்று. அதற்குப் பிறகு அவர் பாடு எங்களைவிடக் கொண்டாட்டம். நீங்கள் கட்டிக்கொடுத்த சகுஸ்கா (சுட்ட கத்தரிக்காயும் சிவப்புக் குடைமிளகாயும் சேர்த்துக் கிளறியது) ஊர் வந்து சேருமுன் தீர்ந்துவிட்டது. சைவம் அல்லாதவர்களே தீர்த்தோம்.

அதே தெருவில், மேய்ச்சலிலிருந்து மாடுகள் திரும்பும் நேரம் என்று ஓடிவந்து காரை ஓரங்கட்டச் சொன்ன பையனுக்கும் நன்றி. ஒவ்வொரு மாடும் மந்தையிலிருந்து பிரிந்து தன் வீட்டு வாசலில் தானே திரும்பி நுழைந்ததை அதனால் நிம்மதியாகப் பார்த்தோம்.

மலை மேய்ச்சலில் நாய்களைத் தடுத்த இடையருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கரடியும் ஓநாயும் திரியும் இடம். அந்த நாய்களை வளர்ப்பதே அதற்காக. அவற்றுக்கு நாங்களும் ஓநாயும் ஒன்றுதான் போலிருக்கிறது. ஐயா, நீங்கள் அடித்த ஒரு விசிலில் எல்லாம் படுத்துவிட்டன. பேசப் பொதுமொழி இல்லாமலே அடுத்த மேடுவரை கூட வந்து, கோலால் பாதையைக் காட்டிவிட்டுப் போனீர்கள்.

கடைசியாக எங்களுக்குள். மியூனிக்கிலிருந்து வந்த நண்பனின் ஜெர்மன் இல்லாவிட்டால் பாட்டி சொன்ன பாதிக்கதை போயிருக்கும். வண்டியை முழுக்க ஓட்டிய தோழி, குழியும் குதிரை வண்டியும் நிறைந்த சாலையில் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து ருமேனியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதிக்குள் முழுமையாக வந்துவிட்டதால் ஒரே விசா போதும் என்று கண்டுபிடித்துச் சொன்ன சென்னை நண்பருக்கும் நன்றி. பெட்ரோல் கணக்கை மட்டும் அவர் இன்னும் அனுப்பவில்லை. இந்த வாரம் அனுப்பிவிடவும்.