ரெக்கார்டு நேரத்தோட ஷூ பேரையும் சேத்துப் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கோயம்புத்தூர்ல ஒரு ஸ்கூல்ல பி.டி. மாஸ்டரா இருந்து ரிட்டையர் ஆனவன், இப்பவும் காலைல அஞ்சு மணிக்கு கிரவுண்டுல நாலஞ்சு பசங்களுக்கு லாங் டிஸ்டன்ஸ் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன். போன வாரம் அதுல ஒரு பையன் நோட்ட எடுத்துட்டு வந்து நின்னான், 3000 மீட்டர் 9 நிமிஷம் 50 செகண்ட் ஓடறவன். சோலுக்குள்ள விறைப்பான கார்பன் தகடு வெச்ச கார்பன் பிளேட் ஷூ போட்டா 4 சதவீதம் வேகமா ஓடலாம்னு பேப்பர்ல படிச்சிருக்கான், அத வெச்சு 24 செகண்ட் கழிச்சு 9:26னு எழுதி கீழ ரெண்டு கோடு வேற போட்டு வெச்சிருந்தான். "அப்பாகிட்ட கேக்கட்டுமா சார்"னு கேட்டான். அவங்கப்பா லோடு வண்டி ஓட்டறவரு, அந்த ஷூ 20,000 ரூபாய்க்கு மேல. எனக்கு அன்னிக்கு பூரா மனசே சரியில்ல, அதான் இத எழுதறேன்.

மொதல்ல அந்த 4 சதவீதம் வேகம் இல்லைங்க. 2017-ல நைக்கி கம்பெனியோட வேப்பர்ஃபிளைங்கற கார்பன் பிளேட் ஷூ வந்தப்போ அமெரிக்காவுல கொலராடோ பல்கலைக்கழகத்துல 18 பேர டிரெட்மில்லுல ஓடவிட்டு மூச்ச அளந்து பாத்தாங்க, அதே வேகத்துல ஓடறதுக்கு உடம்பு செலவழிக்கற சக்தி சராசரியா 4 சதவீதம் கொறஞ்சிருந்துச்சு. வேகம் அந்த அளவுக்கு ஏறாது, அதுக்கும் கம்மிதான். அதுவும் எல்லாருக்கும் ஒரே மாதிரி கெடையாது, பின்னாடி கென்யாவோட டாப் ரன்னர்ஸ் ஏழு பேர வெச்சு டெஸ்ட் பண்ணினப்போ ஒருத்தருக்கு 11 சதவீதம் லாபம், இன்னொருத்தருக்கு அதே அளவு நஷ்டம்னு வந்துச்சு. இந்த ஒரு விஷயம் செய்தில இருந்திருந்தா அந்தப் பையன் நோட்டுல கணக்கு போட்டிருக்க மாட்டான்.

ஷூ ஒண்ணுமே பண்ணலன்னு நான் சொல்லல. எங்க கிரவுண்டுக்கு வர்ற ஒருத்தரு போட்டிருந்தத கையில வாங்கிப் பாத்தேன், அவ்ளோ ஒசர சோலு, ஆனா கையில வெயிட்டே தெரியல. கட்ட விரல வெச்சு அமுக்கினா ஃபோம் உள்ள போகுது, விரல எடுத்த ஒடனே எழும்பி வந்துருது. கொலராடோ டெஸ்ட்ல அந்த ஃபோம் வாங்கற அமுக்கத்துல 87 சதவீதத்த திருப்பித் தருதுன்னு வந்திருக்கு, பழைய ரேஸ் ஷூல அது 76, 66 அந்த ரேஞ்சுதான். நடுவுல இருக்கற கார்பன் பிளேட்டு கால் விரல் மடங்காம விறைப்பா வெச்சுக்குது. ஸ்பிரிங் மாதிரி தூக்கி எறியறது பிளேட்டுன்னு நெறைய பேர் நெனைக்கறாங்க, பெரிய வேல ஃபோமோடதுதான்.

இந்த வேப்பர்ஃபிளை ஷூ 2016 ரியோ ஒலிம்பிக்ஸ் ஆம்பளைங்க மாரத்தான்லயே சாம்பிள் மாடலா ஓடிருச்சு, மெடல் வாங்கின மூணு பேரும் அதத்தான் போட்டிருந்தாங்க, ஆனா அப்போ அது வெளிய யாருக்கும் தெரியாது. அப்புறம் இந்த மாதிரி ஷூ போட்டு 2019 அக்டோபர் 12 வியன்னால கென்யாவோட கிப்சோகே மாரத்தான் தூரத்த 1:59:40-ல ஓடினாரு, மறுநாளே சிகாகோல பொம்பளைங்க மாரத்தான்ல கென்யாவோட பிரிஜிட் கோஸ்கெய் 2:14:04. இங்கிலாந்தோட பவுலா ராட்க்ளிஃப் 2003-ல லண்டன்ல ஓடின 2:15:25 பதினாறு வருஷம் யாரும் தொட முடியாம நின்ன ரெக்கார்டு, ஒரே ஓட்டத்துல 81 செகண்ட் போயிருச்சு. கோஸ்கெய் ஓடின ஓட்டத்த நான் கொறச்சு சொல்லல, அந்த காலு அவங்க காலுதான். ஆனா ராட்க்ளிஃப் நேரத்தையும் இதையும் பக்கத்துல பக்கத்துல போடும்போது நடுவுல ஒரு ஷூ இருக்குன்னு படிக்கறவங்களுக்கு தெரியணுமா வேண்டாமா?

2020 ஜனவரி கடைசில உலக தடகள அமைப்பான வேர்ல்டு அத்லெடிக்ஸ் ரூல் கொண்டு வந்தாங்க, ரோடு ரேஸுக்கு சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாது, விறைப்பான பிளேட் ஒண்ணுக்கு மேல கூடாதுன்னு. அது வந்து ஒரு வாரம்கூட ஆகல, 39.5 மில்லிமீட்டர்ல அடுத்த ஷூவ நைக்கி காட்டிட்டாங்க. அப்போ அந்த ரூல் ஷூவ கட்டுப்படுத்தல, ஏற்கெனவே இருந்தத சுத்தி கோடு போட்டுச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறமும் கடைக்கு வராத டெவலப்மென்ட் ஷூவ ஒரு வருஷம் வரைக்கும் போட்டு ஓடலாம்னு வழி விட்டிருக்காங்க, ஒலிம்பிக்ஸ், உலக சாம்பியன்ஷிப் மாதிரி போட்டில மட்டும்தான் கூடாது. 2023-ல சிகாகோல கென்யாவோட கெல்வின் கிப்டம் மாரத்தான் உலக ரெக்கார்டா 2:00:35 ஓடினப்போ அவரு கால்ல இருந்ததும் அந்த மாதிரி கடைக்கு வராத ஷூதான். இது எனக்கு சரின்னு படல, வாங்கவே முடியாத ஷூவுல ரெக்கார்டு வெச்சா பக்கத்துல ஓடறவன் என்ன பண்ணுவான்?

ரூல மீறினா விடறதில்ல, அது நல்ல விஷயம். 2021 செப்டம்பர்ல வியன்னா மாரத்தான்ல எத்தியோப்பியா வீரர் டெராரா ஹுரிசா ஃபர்ஸ்ட் வந்து ஜெயிச்சிட்டேன்னு நின்னாரு, சோல் 50 மில்லிமீட்டர் இருந்துச்சுன்னு டிஸ்குவாலிஃபை பண்ணிட்டாங்க. டிராக்குல இன்னும் கெடுபிடி, 2024 நவம்பர் 1-லேருந்து எல்லா டிராக் ஓட்டத்துக்கும் 20 மில்லிமீட்டர்தான். அதாவது எங்க பையன் அப்பாகிட்ட கேக்கலாம்னு நெனச்ச ஷூ அவன் ஓடற 3000 மீட்டருக்கு செல்லாது! இது எந்த செய்தியிலயும் வரல. நான் போன வருஷம் போன ஒரு மீட்ல தடிமனான ரோடு ஷூ போட்டு ஒரு பையன் 3000 மீட்டர் ஜெயிச்சான், சோல அளக்க அங்க ஒருத்தர்கிட்டயும் ஒரு ஸ்கேல் இல்ல, அளக்கணும்னே யாருக்கும் தெரியல. நான் கேட்டதுக்கு "விடுங்க சார், சின்னப் பசங்க"ன்னுட்டாங்க. ரெண்டாவதா வந்த பையனும் சின்னப் பையன்தானே.

100 மீட்டர் ஓட்டத்துக்கு நேரத்துக்குப் பக்கத்துல காத்தோட வேகத்த எழுதறாங்க, பின்காத்து செகண்டுக்கு 2 மீட்டரத் தாண்டினா ரெக்கார்டு கெடையாது. மாரத்தான்ல ரூட் சரிவா இருந்தாலும் அப்படித்தான், 2011-ல பாஸ்டன்ல ஜெஃப்ரி முட்டாய் ஓடின 2:03:02 அன்னிக்கு உலகத்துலயே வேகமான நேரம், ரெக்கார்டா எடுத்துக்கல. நீச்சல்ல 2009 ரோம் சாம்பியன்ஷிப்ல பாலியூரித்தேன்ங்கற பிளாஸ்டிக் டிரஸ் போட்டு 43 உலக ரெக்கார்டு வந்துச்சு, அடுத்த ஜனவரிலயே அந்த டிரஸ்ஸ தடை பண்ணிட்டாங்க. ஷூவ தடை பண்ணச் சொல்லி நான் கேக்கல, அந்த காலம் தாண்டியாச்சு. காத்துக்கு ஒரு நம்பர் எழுதற மாதிரி இதுக்கும் எழுதுங்கன்னுதான் கேக்கறேன்.

இனிமே லாங் டிஸ்டன்ஸ் ரெக்கார்டு செய்தி போடும்போது நேரத்துக்குப் பக்கத்துல என்ன ஷூ, சோல் எவ்ளோ ஒசரம், கடையில கெடைக்கறதா இல்லையான்னு ரெண்டு வரி சேத்துப் போடுங்க. டிராக்குக்கு 20, ரோடுக்கு 40ங்கறத மட்டும் ஒரு தடவ பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும், அந்தப் பையன் உங்க விளையாட்டுப் பக்கத்த கட் பண்ணி நோட்டுல ஒட்டி வெக்கறவன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோயம்புத்தூர்