தோட்டத்து நாய்க்குக் காப்புறுதி எதற்கு என்று கேட்ட கட்டுரைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் நாய், பூனைகளுக்கான காப்புறுதித் திட்டங்களை ஒப்பிட்டு முழுப் பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வண்ண அட்டவணை, சோபாவில் படுத்திருக்கும் பூனையின் படம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கட்டுரை முடிகிற இடத்தில் போகிற போக்கில் ஒரு வரி வந்தது. ரப்பர், செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டப்புறங்களில் வளரும் நாய்களுக்கு இதெல்லாம் தேவைப்படாதாம், அவை இயல்பாகவே தாக்குப்பிடித்துக்கொள்ளுமாம். எழுதியவர் எந்தத் தோட்டத்தில் எந்த நாயைப் பார்த்தாரோ! நான் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும்போது கூடவே லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்களும் வரும். தாக்குப்பிடித்த நாய்களைத்தான் உங்கள் கட்டுரையாளர் பார்த்திருக்கிறார். மற்றவற்றைப் புதைக்கக் குழி வெட்டியது நாங்கள்.

எங்கள் வீட்டு நாய் ஜாதி நாய் அல்ல, கலப்புதான். ஒருநாள் சாப்பிடாமல் சுருண்டு படுத்தது, அப்புறம் மூக்கில் ரத்தம் வந்தது. காடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஓடினோம். ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் இறங்கிப்போயிருந்தன. எர்லிக்கியா என்ற கிருமி, உண்ணி கடித்துப் பரவுவது என்றார் டாக்டர். டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் விடாமல் கொடுக்கச் சொன்னார். நாய் பிழைத்தது. மகள் ஏற்கெனவே அதற்குக் காப்புறுதி எடுத்து வைத்திருந்தாள், சந்தாவும் ஒழுங்காகக் கட்டி வந்தாள். ஆகவே பில்லையெல்லாம் சேர்த்து அனுப்பினோம்.

முடியாது என்று பதில் வந்தது. நிறுவனத்தின் பெயரை எழுதி உங்களுக்கு வக்கீல் செலவு வைக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் சொன்ன காரணத்தை மட்டும் கேளுங்கள். திட்டத்தில் சேர்வதற்கு முன்பு தடுப்பூசிக்குப் போனபோது, நாயின் உடம்பில் உண்ணி இருந்ததாக டாக்டர் தன் குறிப்பில் ஒரு வரி எழுதியிருக்கிறார். எனவே இது முன்பே இருந்த நோயாம். தோட்டத்து நாயின் உடம்பில் உண்ணி! இதைக் கண்டுபிடிக்க ஒரு விசாரணை அதிகாரி வேறு. இந்தக் கிருமி சில நாய்களின் உடம்பில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் தங்கியிருக்கும். எப்போது தொற்றியது என்று நம்மால் நிரூபிக்க முடியாது. அவர்களாலும் முடியாது. ஆனால் நிரூபிக்கும் வேலை மட்டும் நம் தலையில். உங்கள் அட்டவணையிலோ அந்த நிறுவனத்துக்கு நேராக "நோய்ச் சிகிச்சை" என்ற கட்டத்தில் பச்சை நிறத்தில் ஒரு சரி அடையாளம் போட்டிருக்கிறீர்கள்.

அந்தப் பச்சை அடையாளங்களைப் பார்த்துத்தான் ஆத்திரம் வந்தது. காப்புறுதியில் எது உண்டு என்பதைவிட எது இல்லை, எப்போது இல்லை என்பதுதான் முக்கியம். இது உங்களுக்குத் தெரியாததல்ல. சேர்ந்த உடனே எதுவும் கிடைக்காது. விபத்துக்கு ஒரு காத்திருப்புக் காலம், நோய்க்கு அதைவிட நீண்ட காலம், இடுப்பு மூட்டுப் பிரச்சினை போன்றவற்றுக்கு இன்னும் அதிகம். குறிப்பிட்ட வயதைத் தாண்டினால் புதிதாகச் சேர்க்க மாட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்தாலும் வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். தடுப்பூசி, கருத்தடை, பல் சுத்தம் செய்வது எல்லாம் சொந்தச் செலவு. தடுப்பூசிக் கார்டில் ஒரு தேதி தவறியிருந்தால், பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து நாய் துடித்தாலும் கைவிரித்து விடுவார்கள். இதில் ஒரு வரிகூட உங்கள் கட்டுரையில் இல்லை. சோபாப் பூனைக்கு மட்டும் இடம் இருந்தது.

கணக்கு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஆண்டுச் சந்தா 300 ரிங்கிட் என்று போட்டால் வாசகர் 300 ரிங்கிட்டைத்தான் எடுத்து வைப்பார். அதன் மேல் 8 விழுக்காடு சேவை வரி 24 ரிங்கிட், முத்திரைத் தீர்வை 10 ரிங்கிட். ஆக 334. அப்புறம் பில்லில் நம் பங்கு. 1,000 ரிங்கிட் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் 200 ரிங்கிட்டை நாம் ஏற்க வேண்டும், மீதியில் 20 விழுக்காடும் நம்முடையது என்றால் கைக்கு வருவது 640. அதே திட்டத்தில் 20 விழுக்காட்டை முதலில் கழித்துவிட்டு அப்புறம் 200-ஐக் கழித்தால் 600 தான். எதை முதலில் கழிப்பார்கள் என்பது பொடி எழுத்தில் இருக்கும். ஆண்டுக்கு இவ்வளவு என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, ஒரு தடவைக்கு இவ்வளவுதான் என்று இன்னொரு பக்கத்தில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியானாலும் முதலில் முழுப் பணத்தையும் நாம் கிளினிக்கில் கட்டிவிட்டுத்தான் பிறகு கேட்க வேண்டும். மாதக் கடைசியில் அந்தப் பணம் எந்த லயத்து வீட்டில் இருக்கும்?

தோட்டத்துக்கென்றே உள்ள ஆபத்துகளைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று பார்த்தேன். செம்பனைத் தோட்டங்களில் எலிக்கு மருந்து வைப்பது உங்களுக்குத் தெரியும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து அது. நாயோ பூனையோ மருந்தையே தின்றாலும் சரி, மருந்து தின்ற எலியைத் தின்றாலும் சரி, உள்ளுக்குள் ரத்தம் கசியும். உடனே கொண்டுபோனால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம், அதையும் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இதைக் காப்புறுதி விபத்து என்று எடுத்துக்கொள்ளுமா, நோய் என்று எடுத்துக்கொள்ளுமா, கவனக்குறைவு என்று ஒதுக்குமா? விபத்துக்கு மட்டுமான மலிவுத் திட்டத்தை வாங்கியவருக்கு இந்த ஒரு கேள்விதான் கேள்வி. நாகப்பாம்புக் கடிக்கும் இதே கதை.

பயனுள்ள ஒன்றைக் கடைசி வரிசையில் ஒளித்து வைத்திருந்தீர்கள். நம் நாய் பிறரைக் கடித்தாலோ, குறுக்கே ஓடி மோட்டார் சைக்கிள்காரரைக் கீழே தள்ளினாலோ, அவருக்குத் தர வேண்டிய நஷ்டஈட்டைச் சில திட்டங்கள் ஏற்கும். கோண்டோமினியத்தில் வளரும் பூனைக்கு இது எதற்கு? இருட்டில் வேலைக்கு மோட்டாரில் போகும் ஆட்கள் நிறைந்த எங்கள் ஊருக்குத்தான் இது வேண்டும். அதற்கு நாய்க்கு நகராண்மைக் கழக லைசென்ஸ் இருக்க வேண்டுமா, கட்டிப்போட்டிருக்க வேண்டுமா என்று விசாரித்து எழுதியிருந்தால் நான் இந்தக் கடிதத்தையே எழுதியிருக்க மாட்டேன்.

தோட்டத்து ஜனங்களுக்குக் காப்புறுதி புரியாது என்ற நினைப்பு உங்கள் பத்திரிகைக்குப் புதிதல்ல. தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, அவற்றை வாங்குவதற்காக 1960-இல் அப்போது அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் யார்? ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள்தானே. மரண சகாய நிதிக்குச் சம்பளத்தில் பிடிக்கும்போது கணக்கு எழுதியவன் நான். நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு ஒருவரின் கஷ்டத்துக்கு எடுப்பது என்றால் என்ன என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ஆங்கிலத்தில் மட்டும் இருந்த பத்திரத்தை நீட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன ஏஜெண்டுகளைப் பற்றி அந்தக் காலத்தில் எத்தனை முறை எழுதினோம். தீபாவளிக்கும் தேர்தலுக்கும் லயத்துப் படம் போடும் உங்களுக்கு அதற்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை.

நாய்கள் தாக்குப்பிடிக்கும் என்கிறீர்களே, தோட்டம் மூடி லயத்தை இடித்து ஜனங்களை மலிவு விலை அடுக்குமாடிக்கு அனுப்பியபோது என்ன ஆயிற்று? மேல் மாடியில் நாய் வளர்க்கக் கூடாது என்றார்கள். லோரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனவர்களின் பின்னால் நாய்கள் ஓடின. சில நாட்கள் பழைய வாசலிலேயே படுத்துக் கிடந்தன, அப்புறம் அவற்றைக் காணோம். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் கொடுமை செய்தால் குறைந்தது 20,000 ரிங்கிட், அதிகபட்சம் 100,000 ரிங்கிட் அபராதம் அல்லது மூன்றாண்டு வரை சிறை என்கிறது. அந்தக் குடும்பங்களைப் பிடித்து உள்ளே போடுவதா, வேறு வழியில்லாமல் அவர்களை அனுப்பியவர்களைப் பிடிப்பதா என்று அப்போது ஒரு கடிதம் எழுதினேன். நீங்கள் என் வணக்கத்தையும் கையெழுத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் இருந்ததை வெட்டிப் பிரசுரித்தீர்கள். படித்த நண்பர்கள், "ஏன்யா, வணக்கம் சொல்லவா கடிதம் போட்டாய்?" என்று கேட்டார்கள்.

மனிதருக்கான மருத்துவக் காப்புறுதியிலும் இதே அலட்சியம்தான். சந்தா தாறுமாறாக ஏறி, 2024 டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்பச் சொன்னது. அதை நீங்கள் உள்பக்கத்தில் நாலு வரியில் முடித்தீர்கள். நடிகர் வீட்டு நாய்க்குப் பிறந்தநாள் என்றால் மூன்றாம் பக்கம்.

சரி, இனி நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அந்த அட்டவணையை இன்னொரு முறை போடுங்கள். காத்திருப்புக் காலம், சேர வயது வரம்பு, முன்பே இருந்த நோயை எப்படித் தீர்மானிக்கிறார்கள், ஒரு தடவைக்கான உச்சவரம்பு, விஷத்துக்கும் பாம்புக் கடிக்கும் உண்டா, கலப்பு நாயைச் சேர்ப்பார்களா, அடையாளத்துக்கு உடம்பில் பொருத்தும் மைக்ரோசிப் கட்டாயமா என்று பத்திகள் சேருங்கள். வரியையும் முத்திரைத் தீர்வையையும் கூட்டிய தொகையைப் போடுங்கள். நிறுவனம் கைவிரித்தால், 2025 ஜனவரி முதல் இயங்கும், காப்புறுதிப் புகார்களை விசாரிக்கும் நிதிச் சந்தைக் குறைதீர்ப்புச் சேவைக்கு ஆறு மாதத்துக்குள் முறையிடலாம் என்பதை அடியில் ஒரு வரி சேர்த்தால் போதும். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், எங்கள் வயதுக்காரர்கள்தான் இன்னும் காசு கொடுத்து உங்கள் பத்திரிகையை வாங்குகிறோம்.

இக்கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் வணக்கத்தை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்.